ஏ லெவலில் மேத்ஸ், சயன்ஸ் எடுக்க ஜிசிஎஸ்இ-யில் எந்த கிரேடு வேண்டும்? படிப்படியாகப் பார்ப்போம்

ஆகஸ்டில் ஜிசிஎஸ்இ (பதினாறு வயதில் எழுதும் பொதுத் தேர்வு; அதன்பின் படிக்கும் இரண்டு வருடப் படிப்புதான் ஏ லெவல்) ரிசல்ட் வரும் வியாழக்கிழமை காலை என் தொலைபேசி ஓயாது. சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன் என்பதால் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் கூப்பிடுவார்கள். கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான்: "பிள்ளைக்கு மேத்ஸில் 6 வந்திருக்கு. ஏ லெவல் மேத்ஸ் தர மாட்டோம் என்கிறார்கள். பாஸ்தானே, பிறகு ஏன்?"

இதற்குப் பதில் இருக்கிறது. ஆனால் அன்று காலை தெரிந்துகொண்டு பெரிய பிரயோசனம் இல்லை. பிள்ளை இயர் 9 அல்லது இயர் 10-இல் (13 முதல் 15 வயதில்) இருக்கும்போதே தெரிந்திருக்க வேண்டும். அந்த நிலையில் இருக்கும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்தான் இந்தப் பதிவு. இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் இன்னும் எழுத்து கிரேடுகள் இருக்கின்றன, ஸ்காட்லாந்தில் தேர்வு முறையே வேறு.

முதலில் ஒரு பழைய நினைப்பைக் கழற்றி வைத்துவிடுவோம். ஊரில் ஓ.எல். முடித்து ஏ.எல்.லுக்கு கணிதப் பிரிவா உயிரியல் பிரிவா என்று போனவர்களும், பத்தாவது முடித்து பிளஸ் ஒன்னில் ஃபர்ஸ்ட் குரூப் வாங்கியவர்களும் இங்கேயும் 'குரூப்' கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். இங்கே குரூப் இல்லை. பிள்ளை பொதுவாக மூன்று பாடங்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கிறது. சிக்ஸ்த் ஃபார்மில் (ஏ லெவல் படிக்கும் பிரிவு) நுழைய ஒரு பொது நிபந்தனை, அப்புறம் ஒவ்வொரு பாடத்துக்கும் தனி நிபந்தனை. பொது நிபந்தனையைத் தாண்டிவிட்டு, பாட நிபந்தனையில் மாட்டிக்கொள்பவர்கள்தான் எனக்குக் கூப்பிடுபவர்களில் அதிகம்.

படி 1: எண்களின் அர்த்தம்

9 தான் உச்சம், 1 கடைசி. மேத்ஸுக்கும் ஆங்கிலத்துக்கும் இந்த எண் முறை 2017-இல் வந்தது, சயன்ஸுக்கு 2018-இல். பழைய முறையில் சி எங்கே தொடங்கியதோ அங்கே 4 தொடங்குகிறது; ஏ எங்கே தொடங்கியதோ அங்கே 7. 4 என்றால் சாதாரண பாஸ், 5 என்றால் வலுவான பாஸ் என்று அரசு சொல்கிறது.

மேத்ஸில் 4 வாங்கிய பிள்ளை மறுபடி ஜிசிஎஸ்இ மேத்ஸ் எழுதத் தேவையில்லை. அந்த 'பாஸ்' சொல்வது அவ்வளவுதான். அடுத்த கட்டக் கணக்குக்குத் தயார் என்று அது சொல்லவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஏக்யூஏ, எட்எக்செல் என்ற இரண்டு தேர்வு வாரியங்களிலும் ஜிசிஎஸ்இ மேத்ஸுக்கு மூன்று தாள், தாளுக்கு 80 மதிப்பெண், மொத்தம் 240. இதில் கடினமான பிரிவான ஹையர் டியர் எழுதி 4 வாங்க, பல வருடங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மதிப்பெண் போதுமாக இருந்திருக்கிறது. 6 வாங்கப் பாதியை ஒட்டிய மதிப்பெண் போதுமாக இருந்திருக்கிறது. எல்லை ஒவ்வொரு வருடமும் மாறும், ஆனால் சேதி மாறாது: 6 என்பது அறுபது சதவீதம் அல்ல. தாளின் பிற்பகுதியில் வரும் அல்ஜீப்ராவை அப்படியே விட்டுவிட்டுக்கூட ஒரு பிள்ளை 6 வாங்கலாம். ஏ லெவல் மேத்ஸ் முதல் வாரத்தில் தொடங்குவது சரியாக அந்த இடத்திலிருந்துதான்.

அதனால் நான் எப்போதும் இரண்டு எண்களைப் பற்றிப் பேசுவேன். ஒன்று, உள்ளே விடும் எண். இன்னொன்று, உள்ளே போனபின் தாக்குப்பிடிக்கும் எண். பள்ளியின் இணையதளத்தில் இருப்பது முதலாவது.

படி 2: எந்த டியர் என்று இப்போதே கேளுங்கள்

மேத்ஸில் இரண்டு டியர் உண்டு. ஃபவுண்டேஷனில் அதிகபட்சம் 5 தான் கிடைக்கும். ஒரு கேள்விகூடத் தவறாமல் எழுதினாலும் 5 தான். ஹையரில் 9 வரை போகலாம். ஆனால் 4-க்கும் கீழே வழுக்கினால் ஒரு 3 வரை பிடித்துக்கொள்வார்கள், அதற்கும் கீழே போனால் கிரேடே இல்லை.

என்னிடம் படித்த ஒரு பெண் இயர் 11 மார்ச் மாதத்தில்தான் தான் ஃபவுண்டேஷனில் இருப்பதை வீட்டில் சொன்னாள். அவளுக்கு ஃபிஸிக்ஸ் ஆசை. தேர்வுப் பதிவு பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. பள்ளியில் யாரும் மறைக்கவில்லை, பெற்றோர் சந்திப்பில் சொல்லித்தான் இருக்கிறார்கள். ஆனால் 'டியர்' என்ற சொல்லின் பின்னால் இவ்வளவு இருக்கிறது என்று பெற்றோருக்கு விளங்கவில்லை. பதிவுக்குப் பிறகும் டியரை மாற்ற முடிவதுண்டு. ஆனால் மாற்றி என்ன செய்வது? இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரம், வர்க்கப் பூர்த்தி, அல்ஜீப்ரா பின்னங்கள், சைன் விதி, கோசைன் விதி எல்லாம் ஹையரில் மட்டும்தான் வருகின்றன. இரண்டு மாதத்தில் இத்தனையையும் கற்க முடியாது.

எனவே இயர் 10 தொடக்கத்திலேயே ஆசிரியரிடம் நேராகக் கேளுங்கள்: எந்த டியர், ஏன், மாற வாய்ப்பு இருக்கிறதா, அதற்கு எப்போது என்ன மதிப்பெண் காட்ட வேண்டும். ஃபவுண்டேஷன் கேவலம் ஒன்றும் இல்லை. சில பிள்ளைகளுக்கு அதுதான் சரி. ஏ லெவல் மேத்ஸோ ஃபிஸிக்ஸோ எடுக்க நினைப்பவருக்கு மட்டும் அது மூடிய கதவு.

படி 3: கம்பைண்டு சயன்ஸா, டிரிபிளா?

டிரிபிள் என்றால் பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஃபிஸிக்ஸ் மூன்றும் தனித்தனி ஜிசிஎஸ்இ, மூன்று தனித்தனி கிரேடு. கம்பைண்டு என்றால் மூன்றையும் சேர்த்துப் படித்து இரண்டு ஜிசிஎஸ்இ. அதில் கிரேடு ஜோடியாக வரும்: 9-9, 9-8, 8-8 என்று இறங்கி 1-1 வரை மொத்தம் 17 படிகள்.

டிரிபிள் எடுக்காவிட்டால் ஏ லெவல் சயன்ஸ் கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெரும்பாலான சிக்ஸ்த் ஃபார்ம்கள் கம்பைண்டு படித்தவர்களுக்கும் ஒரு நிபந்தனை எழுதி வைத்திருக்கும். ஆனால் கம்பைண்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. 6-5 என்றால் பயாலஜியில் 6, கெமிஸ்ட்ரியில் 5 என்று அர்த்தம் இல்லை. ஆறு தாள்களின் மதிப்பெண்ணையும் கூட்டி, அந்த மொத்தத்துக்கு ஜோடி கிரேடு தருகிறார்கள். ஃபிஸிக்ஸில் பிரமாதமாகச் செய்து பயாலஜியில் சறுக்கிய பிள்ளையும், நேர்மாறாகச் செய்த பிள்ளையும் அதே 6-5 வாங்கலாம். 6-6 கேட்கும் இடத்தில் 6-5 போதாது. அப்போது கைகொடுப்பது தாள்வாரியான மதிப்பெண். ரிசல்ட் அன்று அதைத் தேர்வு அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். எந்தப் பாடத்தை ஏ லெவலுக்கு எடுக்கப் போகிறீர்களோ, அதன் இரண்டு தாள்களும் நன்றாக இருந்தால் பேச ஒரு பிடி கிடைக்கும்.

கம்பைண்டிலும் டியர் உண்டு. ஃபவுண்டேஷனில் அதிகபட்சம் 5-5. ஆறு தாளும் ஒரே டியரில்தான் எழுத வேண்டும்.

படி 4: சரி, எந்த எண் வேண்டும்?

நாடு முழுவதற்கும் ஒரே எண் கிடையாது. ஒவ்வொரு பள்ளியும் தானே வைத்துக்கொள்கிறது. ஆனாலும் நான் பார்த்த வரையில் நிலவரம் இப்படி:

- பொது நிபந்தனை: ஐந்து அல்லது ஆறு ஜிசிஎஸ்இ-யில் குறைந்தது 4 அல்லது 5. மேத்ஸும் ஆங்கிலமும் அதில் இருக்க வேண்டும்.
- மேத்ஸ்: சில இடங்களில் 6, நிறைய இடங்களில் 7.
- ஃபர்தர் மேத்ஸ் (மேத்ஸோடு சேர்த்து எடுக்கும் இன்னொரு உயர் கணிதப் பாடம்): 7-க்குக் கீழே பேச்சே இல்லை, 8 அல்லது 9 கேட்பவர்கள் அதிகம்.
- ஃபிஸிக்ஸ்: சயன்ஸில் 6 அல்லது 7 (கம்பைண்டில் 6-6 அல்லது 7-7), கூடவே மேத்ஸில் 6 அல்லது 7.
- கெமிஸ்ட்ரி: அதே சயன்ஸ் கிரேடு, மேத்ஸில் பெரும்பாலும் 6.
- பயாலஜி: சயன்ஸில் 6, மேத்ஸில் 5 அல்லது 6.

சயன்ஸுக்கு மேத்ஸ் கிரேடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: ஏ லெவல் தேர்வில் கணக்குத் திறனுக்கென்று குறைந்தபட்சப் பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. பயாலஜியில் 10 சதவீதம், கெமிஸ்ட்ரியில் 20, ஃபிஸிக்ஸில் 40. மேத்ஸ் எடுக்காமல் ஃபிஸிக்ஸ் மட்டும் எடுப்பதைத் தடைசெய்யாத பள்ளிகளும் உண்டு. என்னைக் கேட்டால், வேண்டாம் என்பேன்.

'6 போதும்' என்று சொல்லும் பள்ளி நல்ல பள்ளி, '7 வேண்டும்' என்பது கெடுபிடி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2017-இல் தொடங்கிய புதிய ஏ லெவல் மேத்ஸில் தூய கணிதத்தோடு புள்ளியியலும் இயந்திரவியலும் எல்லாருக்கும் கட்டாயம். தேர்வு எல்லாம் இரண்டு வருட முடிவில் ஒன்றாக வருகிறது. 6 வாங்கி உள்ளே போய் மூழ்கிப்போனவர்களையும் பார்த்திருக்கிறேன், அதே 6-இல் போய் நன்றாக வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாமவர்களுக்கு அல்ஜீப்ரா கையில் இருந்தது.

படி 5: கையில் இருக்கிறதா என்று பாருங்கள்

கால்குலேட்டர் இல்லாமல் இந்த மூன்றையும் செய்யச் சொல்லுங்கள். (சமன்பாட்டில் எந்த எழுத்து இருந்தால் என்ன, நான் 'அ' போட்டிருக்கிறேன்.)

1. √50-ஐச் சுருக்கு.
2. 8-இன் அடுக்கு −2/3 எவ்வளவு?
3. அ² + 6அ + 2-ஐ வர்க்கப் பூர்த்தி செய்.

விடைகள்: 5√2; 1/4; (அ + 3)² − 7. மூன்றும் ஹையர் டியர் பாடத்தில் உள்ளவைதான். ஐந்து நிமிடத்துக்குள் வந்தால் கவலை இல்லை. 'எப்போதோ செய்தோம்' என்று பிள்ளை இழுத்தால், மாக் தேர்வில் (பள்ளி வைக்கும் மாதிரித் தேர்வு) 7 வந்திருந்தாலும் வேலை பாக்கி இருக்கிறது. மாக் தாளை வாங்கி எங்கே மதிப்பெண் போயிருக்கிறது என்று பாருங்கள். நிகழ்தகவில் போயிருந்தால் ஓரளவு பரவாயில்லை. அல்ஜீப்ராவில் போயிருந்தால் அதை முதலில் பிடியுங்கள்.

படி 6: விண்ணப்பம்

இயர் 11 முதல் பருவத்திலேயே சிக்ஸ்த் ஃபார்ம்களை நேரில் பார்க்க 'ஓபன் ஈவினிங்'கள் நடக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் விண்ணப்பிக்கலாம், விண்ணப்பியுங்கள். குறைந்தது ஒன்றாவது நிபந்தனை சற்றுக் குறைவான இடமாக இருக்கட்டும்.

'அதே பள்ளியில்தானே படிக்கிறான், எப்படியும் எடுப்பார்கள்' என்று இருந்துவிடாதீர்கள். அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளில் உள்ளே இருக்கும் பிள்ளைக்கும் வெளியிலிருந்து வரும் பிள்ளைக்கும் ஒரே கிரேடு நிபந்தனைதான் இருக்க வேண்டும் என்பது சேர்க்கை விதி. அது இரு பக்கமும் வெட்டும்: வெளியிலிருந்து போகும் உங்கள் பிள்ளையிடம் கூடுதலாகக் கேட்கவும் முடியாது.

பல்கலைக்கழகத்தையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். கேம்பிரிட்ஜில் கணிதம் என்றால் ஃபர்தர் மேத்ஸ் வேண்டும், அதோடு ஸ்டெப் என்ற தனித் தேர்வும் உண்டு. மருத்துவம் என்றால் பெரும்பாலான இடங்களில் கெமிஸ்ட்ரி இல்லாமல் கதை நடக்காது.

படி 7: ஒரு கிரேடு குறைந்துவிட்டால்

அன்று காலையே நேரில் போங்கள். மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். இடம் மிச்சம் இருந்தால் சில துறைத் தலைவர்கள் ஒரு சிறு டெஸ்ட் வைத்துச் சேர்த்துக்கொள்வார்கள். கேட்பது உங்கள் பிள்ளையாக இருக்கட்டும். பெற்றோர் பக்கத்தில் நின்றால் போதும்.

எல்லைக்கு ஓரிரு மதிப்பெண்தான் குறைவு என்றால் பள்ளி வழியாக மறுமதிப்பீடு கேட்கலாம். கிரேடு மாறினால் கட்டணம் திரும்பும். ஆனால் மதிப்பெண் இறங்கவும் செய்யலாம், அதைத் தெரிந்துகொண்டே கேளுங்கள். நவம்பர் மறுதேர்வு மேத்ஸுக்கும் ஆங்கில மொழிக்கும் மட்டும். சயன்ஸுக்கு அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டும்.

மேத்ஸ் கைவிட்டுப் போய், பயாலஜியோ சைக்காலஜியோ ஜியாக்ரஃபியோ எடுக்கும் பிள்ளைக்கு கோர் மேத்ஸ் (ஏ லெவலைவிடச் சிறிய, நடைமுறைக் கணக்குப் பாடம்) நல்ல துணை. 2014-இல் அறிமுகமானது, 4 அல்லது அதற்கு மேல் வாங்கியவர்களுக்கானது, யூகாஸ் (பல்கலைக்கழகச் சேர்க்கை) புள்ளிகள் ஏஎஸ் என்ற ஒரு வருடப் படிப்பின் அளவுக்கு உண்டு. இன்ஜினியரிங்குக்கு மட்டும் அது ஏ லெவல் மேத்ஸுக்கு மாற்று ஆகாது.

இடம் கிடைத்துவிட்டதா? நிறைய சிக்ஸ்த் ஃபார்ம்கள் கோடை விடுமுறைக்கென்று ஒரு பயிற்சித் தாள் கொடுப்பார்கள், செப்டம்பரில் அதிலிருந்தே முதல் டெஸ்ட் வைப்பார்கள். பல பள்ளிகள் அதை ஜூன், ஜூலையிலேயே இணையதளத்தில் போட்டுவிடுகின்றன. ரிசல்ட் வரும் வரை காத்திருக்காமல் எடுத்து அச்சடித்து மேசையில் வையுங்கள்.