ஹார்மோன் எந்த ஏற்பியின் வழியாகச் செயல்படுகிறது? மீன் முட்டையிலும் புற்றுநோய்ச் செல்லிலும் சோதித்தறியும் முறை

ஈஸ்ட்ரடையோல் என்ற பெண்பால் ஹார்மோனைச் சேர்த்ததும் மார்பகப் புற்றுநோய்ச் செல்கள் பெருகின என்றும், புரோஜெஸ்டின் வகை ஹார்மோனைச் சேர்த்ததும் மீனின் முட்டை முதிர்ந்தது என்றும் எழுதும் ஆய்வேடுகள் பல, அந்த விளைவு எந்த ஏற்பியின் (ஹார்மோனைப் பற்றிக்கொண்டு செல்லுக்குச் செய்தி தரும் புரதத்தின்) வழியாக வந்தது என்ற கேள்விக்கு நேரடிச் சான்று தராமலேயே முடிந்துவிடுகின்றன. அந்தச் சான்றைச் சேர்க்கும் முறையை, முதன்முறையாக இத்தகைய சோதனையைத் திட்டமிடும் முதுகலை மற்றும் முனைவர் பட்ட மாணவர்களை மனத்தில் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

பாலியல் ஹார்மோன்களுக்கு இருவகை ஏற்பிகள் உண்டு என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நீண்ட காலமாக அறியப்பட்டவை உட்கரு ஏற்பிகள். ஹார்மோன் வந்து ஒட்டியதும் இவை மரபணுக்களோடு பிணைந்து, புதிய ஆர்என்ஏ படியெடுக்கப்படுவதைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. மற்றவை செல் சவ்வில் இருந்துகொண்டு, மரபணுவைத் தொடாமலேயே சில நொடிகளிலோ நிமிடங்களிலோ செல்லுக்குள் செய்தி அனுப்புபவை. இந்த இரண்டாம் வகையைப் பற்றிய அறிவில் பெரும்பகுதி கடல்மீன்களிலிருந்து வந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் நிறுவனத்தில் பீட்டர் தாமஸின் குழு, நம் கடற்கரையில் கத்தாழை என்று அழைக்கப்படும் குடும்பத்தைச் சேர்ந்த அட்லாண்டிக் மீன்களை ஆராய்ந்தது. 2000இல் அம்மீன்களில் ஈஸ்ட்ரோஜன்களுக்கான (ஈஸ்ட்ரடையோல் வகை ஹார்மோன்களுக்கான) மூன்றாவது உட்கரு ஏற்பியையும், 2003இல் புரோஜெஸ்டினுக்கான சவ்வு ஏற்பியையும் அது அடையாளம் கண்டது. 2005இல் அதே குழு, ஜிபிஆர்30 என்ற புரதம் ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொள்ளும் சவ்வு ஏற்பி என்று மனித மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் காட்டியது. இன்று அதன் பெயர் ஜிபிஇஆர். 2014இல் துத்தநாகத்தைக் கடத்தும் ஜிப்9 என்ற புரதம் ஆண்பால் ஹார்மோனான ஆண்ட்ரோஜனுக்கான சவ்வு ஏற்பியாகவும் செயல்படுவது முதலில் மீனின் சினையகத்திலும், பிறகு புற்றுநோய்ச் செல்களிலும் தெரியவந்தது. மீனும் புற்றுநோய்ச் செல்லும் ஒரே ஆய்வகத்தில் அடுத்தடுத்த மேசைகளில் இருப்பதற்கு இதுவே காரணம்.

முதல் வேலை, செல்வகையைத் தேர்ந்தெடுப்பது. எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் ஈஸ்ட்ரோஜன் உட்கரு ஏற்பியான இஆர்-ஆல்பா நிறைய உண்டு, ஜிபிஇஆரும் உண்டு. எனவே ஈஸ்ட்ரடையோலுக்கு அவை காட்டும் பதில் எந்த ஏற்பியைச் சேர்ந்தது என்று அவற்றை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எஸ்கேபிஆர்3 என்ற வேறு மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் இஆர்-ஆல்பாவும், மற்றோர் உட்கரு ஏற்பியான இஆர்-பீட்டாவும் இல்லை, ஜிபிஇஆர் இருக்கிறது. இவ்விரண்டையும் இணைவைத்துச் சோதித்தால் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும். ஆண்ட்ரோஜனுக்கு, உட்கரு ஏற்பி இல்லாத பிசி-3 செல்களையும் அது உள்ள எல்என்கேப் செல்களையும் (இரண்டும் புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்கள்) பலர் ஒப்பிடுகிறார்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. எல்என்கேப் செல்களின் ஆண்ட்ரோஜன் ஏற்பியில் ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பதால், அந்த ஏற்பி புரோஜெஸ்டிரோனுக்கும் ஈஸ்ட்ரடையோலுக்கும்கூடப் பதில் தருகிறது. தடுப்பானாகக் கொடுக்கப்படும் ஹைட்ராக்சிஃப்ளூட்டமைடே அதில் தூண்டியாகிவிடுகிறது. இதை அறியாமல் அந்தச் செல்களில் பல ஹார்மோன்களை ஒப்பிட்டு வரைந்த வரைபடம் எதையும் நிறுவாது.

அடுத்தது வளர்ப்பு ஊடகத்தைத் தூய்மைப்படுத்துவது. என் கணிப்பில் பாதிக்கு மேற்பட்ட குழப்பங்கள் இங்கேதான் தொடங்குகின்றன. அமிலத்தன்மையை நிறத்தால் காட்டுவதற்காக ஊடகத்தில் சேர்க்கப்படும் ஃபீனால் ரெட், எம்சிஎஃப்-7 செல்களில் ஈஸ்ட்ரோஜனைப் போலச் செயல்படுவதாக 1986இல் காட்டப்பட்டது. அந்தச் சாயத்தோடு கலந்துவரும் மாசே அதற்குக் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆகவே சோதனைக்குச் சில நாட்களுக்கு முன்பே, சிவப்பு நிறமற்ற ஊடகத்துக்கும், டெக்ஸ்ட்ரான் பூசிய கரித்தூளால் ஸ்டீராய்டுகள் நீக்கப்பட்ட சீரத்துக்கும் செல்களை மாற்றிவிட வேண்டும். கரித்தூள் தைராய்டு ஹார்மோன் முதலிய வேறு சில பொருள்களையும் சேர்த்தே நீக்கிவிடும் என்பதால், ஒரே தொகுதிச் சீரத்தைச் சோதனை முடியும்வரை பயன்படுத்துவது நல்லது. பிளாஸ்டிக் குழாய்களையும் நம்பிவிடக் கூடாது. 1991இல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் அனா சோட்டோ, கார்லோஸ் சோனன்ஷைன் ஆகியோரின் செல்கள் ஈஸ்ட்ரோஜன் இல்லாமலேயே பெருகத் தொடங்கியபோது, பாலிஸ்டைரீன் குழாயிலிருந்து கசிந்த நோனைல்ஃபீனால் என்ற வேதிப்பொருளே அதற்குக் காரணம் என்று தெரியவந்தது. எனவே ஹார்மோன் சேர்க்காத தட்டை, வெற்றுத் தட்டு என்று ஒதுக்காமல் தனி முடிவாகவே பதிவு செய்யுங்கள். அதில் செல்கள் பெருகினால் சோதனையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

ஸ்டீராய்டுகள் நீரில் எளிதில் கரையா. அவற்றை எத்தனாலிலோ டிஎம்எஸ்ஓவிலோ கரைத்து, கரைப்பானின் இறுதி அளவு செல்களில் 0.1 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உயிருள்ள மீன்களுக்கு அதிலும் பத்தில் ஒரு பங்கே மேல்வரம்பு. அளவுகளைப் பத்து மடங்கு இடைவெளியில் பிக்கோமோலாரிலிருந்து மைக்ரோமோலார் வரை அமைத்தால், ஏற்பி நிறைவடையும் இடம் வளைவில் தெரியும். மைக்ரோமோலாரில் மட்டுமே தெரியும் விளைவை ஏற்பியின் கணக்கில் எழுத நான் தயங்குவேன்.

நேரம் அடுத்த சான்று. 5 நிமிடத்திலும் 15 நிமிடத்திலும் இஆர்கே என்ற புரதத்தில் பாஸ்பேட் ஏறுவதையோ, செல்லுக்குள் செய்தி கடத்தும் சிறு மூலக்கூறான சுழற்சி ஏஎம்பியின் அளவையோ அளந்து, 6 மணி நேரத்திலும் 24 மணி நேரத்திலும் ஆர்என்ஏவை அளப்பது வழக்கம். ஆர்என்ஏ படியெடுப்பை நிறுத்தும் ஆக்டினோமைசின்-டி சேர்த்த பிறகும் வேகமான விளைவு நீடித்தால், மரபணு வழி அதற்குத் தேவைப்படவில்லை என்று பொருள். ஆனால் வேகம் மட்டுமே சவ்வு ஏற்பிக்குச் சான்றாகாது. இஆர்-ஆல்பாவின் ஒரு சிறு பகுதி சவ்வில் ஒட்டிக்கொண்டு விரைவாகச் செய்தி அனுப்பும் என்பதும் நிறுவப்பட்டதே. ஈஸ்ட்ரடையோலைப் பெரிய புரதத்தோடு பிணைத்துச் செல்லுக்குள் புகாமல் செய்யும் பழைய உத்தியும் முழுமையானதன்று, ஏனெனில் பிணைப்பிலிருந்து தனித்துக் கழன்ற ஹார்மோன் அத்தயாரிப்புகளில் இருந்ததுண்டு.

தடுப்பான்களைப் பயன்படுத்தும் கட்டத்தில்தான் இந்தத் துறையின் மிகச் சுவையான முரண் வருகிறது. ஐசிஐ 182,780 என்ற ஃபுல்வெஸ்ட்ரன்ட், இஆர்-ஆல்பாவை அடைத்து அதைச் சிதைக்கவும் செய்யும் மருந்து. மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுவது. அதே மருந்து ஜிபிஇஆரில் தூண்டியாகச் செயல்படுகிறது, மற்றொரு மார்பகப் புற்றுநோய் மருந்தான டமாக்ஸிஃபெனும் அப்படியே. ஈஸ்ட்ரடையோலின் விளைவை ஐசிஐ நிறுத்தினால் உட்கரு ஏற்பியின் மேல் சந்தேகம் வலுக்கும். ஐசிஐயைத் தனியாகக் கொடுத்தபோதே அதே விளைவு எழுந்தால் ஜிபிஇஆர் பக்கம் திரும்ப வேண்டும். ஆகவே ஐசிஐ மட்டும் சேர்த்த ஒரு தட்டு கட்டாயம் இருக்க வேண்டும். இந்த ஒரு தட்டை மிச்சப்படுத்தியதால் பயனற்றுப்போன சோதனைகள் உண்டு. கூடவே ஜிபிஇஆரை மட்டும் தூண்டும் ஜி-1, அதைத் தடுக்கும் ஜி-15 அல்லது ஜி-36 ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். எந்தத் தடுப்பானும் முழுக்கத் தூயதன்று என்பதால், எஸ்ஐஆர்என்ஏ என்ற சிறு ஆர்என்ஏ துண்டுகளைக் கொண்டு அந்த ஏற்பியின் உற்பத்தியைக் குறைத்து, விளைவும் குறைகிறதா என்று பார்ப்பது இறுதிச் சான்று. ஈஸ்ட்ரடையோல் ஜிபிஇஆரோடு ஒட்டுவதைத் தங்கள் சோதனைகளில் காணாத ஆய்வுக்குழுக்களும் உண்டு; எனவே இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது.

இனி மீன். நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை முன்னதாகவே பெற்றுக்கொள்ளுங்கள். வரிக்குதிரை மீனின் முட்டை இந்தக் கேள்விக்கு மிக வசதியானது. முதிராத முட்டை பால்போல மங்கலாக இருக்கும், முதிர்ந்ததும் கண்ணாடிபோலத் தெளிந்துவிடும், அதை எளிய நுண்ணோக்கியில் எண்ணிவிடலாம். முழு வளர்ச்சி பெற்ற மங்கலான முட்டைகளை மட்டும் நுனி மெல்லிய இடுக்கியால் பிரித்து, சோதனைத் தட்டின் ஒவ்வொரு குழிக்கும் சம எண்ணிக்கையில் இட்டு, மீனின் இயல்பான புரோஜெஸ்டினான 17ஆல்ஃபா,20பீட்டா-டைஹைட்ராக்சி-4-பிரெக்னென்-3-ஓனை நானோமோலார் அளவுகளில் சேர்த்து, சில மணி நேரம் கழித்துத் தெளிந்தவற்றை எண்ணுங்கள். எண்ணுபவருக்கு எந்தக் குழியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருப்பது நல்லது, ஏனெனில் பாதி தெளிந்த முட்டையைக் கண் தன் விருப்பப்படி சேர்த்துக்கொள்ளும். இந்த மீன்கள் விளக்கு எரிந்த சிறிது நேரத்தில் முட்டையிடும் என்பதால், முட்டை எடுக்கும் நேரத்தையும் நாள்தோறும் ஒன்றாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

முட்டையைச் சுற்றியுள்ள நுண்ணறைச் செல் அடுக்கு இருக்கிறதா என்பது இன்னும் முக்கியம். அந்த அடுக்கு உண்டாக்கும் ஈஸ்ட்ரோஜன், ஜிபிஇஆர் வழியாக முட்டைக்குள் சுழற்சி ஏஎம்பியை உயர்த்தி முட்டை முதிரத் தேவையான ஒடுக்கற்பிரிவை நிறுத்திவைக்கிறது. புரோஜெஸ்டின் தன் சவ்வு ஏற்பியின் வழியாக அதே பொருளைக் குறைத்து அந்தத் தடையை விலக்குகிறது. எனவே அடுக்கை உரித்த முட்டைகளில் சில எந்த ஹார்மோனும் இல்லாமல் தாமாகவே முதிர்ந்துவிடும். ஈஸ்ட்ரடையோலையோ ஜி-1ஐயோ சேர்த்தால் அந்த முதிர்ச்சி குறையும். உரித்த முட்டைக்கும் உரிக்காத முட்டைக்கும் தனித்தனியே ஒப்பீட்டுக் குழிகள் இல்லாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். உட்கரு புரோஜெஸ்டின் ஏற்பியின் மரபணு நீக்கப்பட்ட வரிக்குதிரை மீன் கிடைக்குமானால் விடை இன்னும் தெளிவாகும்: 2015இல் வெளியான ஆய்வில் அத்தகைய பெண் மீன்களின் முட்டைகள் முதிர்ந்தன, ஆனால் சினையகத்தை விட்டு வெளியேறவில்லை.

முழு மீனில் ஈஸ்ட்ரோஜன் விளைவைக் காண, ஆண் மீனின் இரத்தத்தில் விட்டெல்லோஜெனின் என்ற முட்டைக்கரு முன்புரதத்தை அளப்பதே போதும். பெண் மீனின் கல்லீரலில் உருவாகும் இது ஆண் மீனில் கணிசமாகத் தோன்றினால், ஈஸ்ட்ரோஜன் போன்ற பொருள் எங்கிருந்தோ வந்திருக்கிறது.

மீனில் கண்டதை மனிதச் செல்லுக்கும், மனிதச் செல்லில் கண்டதை மீனுக்கும் மாற்றிச் சொல்லும்போது மூன்று இடங்களில் கவனம் வேண்டும். பெரும்பாலான எலும்பு மீன்களுக்கு ஈஸ்ட்ரோஜன் உட்கரு ஏற்பிகள் மூன்று, மனிதனுக்கு இரண்டு. ஆண் மீன்களில் முதன்மையான ஆண்ட்ரோஜன் பெரும்பாலும் 11-கீட்டோடெஸ்டோஸ்டிரோன் என்பதால், டெஸ்டோஸ்டிரோனை மட்டும் சோதித்தால் போதாது. மனித ஏற்பிக்காகச் செய்த எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) மீனின் ஏற்பியை அடையாளம் காணும் என்றும் கருதிவிடக் கூடாது. ஏற்பி நீக்கப்பட்ட திசுவில் அது எதையும் காட்டாமல் இருப்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்.

அளவுகளை ஒரே அலகில் எழுதுவதும் அவசியம். கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட ஓர் ஏரியில் 2001 முதல் 2003 வரை கருத்தடை மாத்திரையின் எத்தினைல் ஈஸ்ட்ரடையோலைக் கலந்து, நீரில் லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் அளவில் வைத்திருந்தார்கள். ஆண் மீன்கள் விட்டெல்லோஜெனின் உண்டாக்கின, ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறு மீனினம் அந்த ஏரியில் அழிவின் விளிம்புக்குப் போயிற்று. அந்த அளவு ஏறத்தாழ 0.02 நானோமோலார். செல் தட்டில் நாம் வழக்கமாக இடும் 10 நானோமோலார் ஈஸ்ட்ரடையோல் அதைவிட 500 மடங்கு செறிவானது. ஆனால் தட்டில் அது ஒன்றிரண்டு நாள், ஏரியில் மீன்களுக்கு ஆண்டுக்கணக்கு. ஆகவே முடிவுகளை எழுதும்போது செறிவை மோலாரிலும், செல் அல்லது மீன் அதில் இருந்த காலத்தை அதன் அருகிலேயும், ஒவ்வொரு வரைபடத்தின் கீழும் குறிப்பிடுங்கள்.