முதல் கடலோர நடை: கிளீவ்லீஸிலிருந்து ஃப்ளீட்வுட் கலங்கரை விளக்கங்கள் வரை

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில், பிளாக்பூலுக்கு வடக்கே உள்ள பழைய கடற்கரை ஊர் ஃப்ளீட்வுட். ஏற்ற இறக்கம் இல்லாத சுமார் 8 கி.மீ. பாதை. புதியவர்களுக்கு இதைவிட லேசானது கிடைக்காது.

1. பிளாக்பூலில் டிராம் ஏறி கிளீவ்லீஸில் இறங்குங்கள். 1885-ல் பிளாக்பூலில் தொடங்கிய டிராம் சேவை இது. ஃப்ளீட்வுட்டில் தொடங்கித் திரும்பி நடக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். இங்கே தென்மேற்குக் காற்றுதான் அதிகம். முதல் தடவை நான் அப்படிப் போய், வழியெல்லாம் மணலை மென்றேன்.

2. கிளம்பும் முன் கடல் ஏறும் நேரத்தைப் பார்த்துவிடுங்கள். இந்தப் பக்கத்து மோர்கம் விரிகுடாவில் தண்ணீர் வெகுதூரம் வற்றும். திரும்பும்போது முதுகுப் பக்கமாகவும் சூழ்ந்துவிடும். மணலில் இறங்கித் தூரம் போகாமல் கரைச்சுவர்ப் பாதையிலேயே நடங்கள்.

3. ராசல் முனையில் நான்கு மாடிக் கண்காணிப்புக் கோபுரம் வரும். கரை அங்கே கிழக்கே திரும்புகிறது. அந்தப் பக்கக் கடலில்தான் 1840-ல் வயர் (Wyre) என்ற கலங்கரை விளக்கம் நின்றது. கடலடி மணலில் இரும்புத் திருகுகளை முறுக்கி இறக்கி, அதன்மேல் கட்டியது. அந்தத் திருகுக்காலைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் மிட்செல் பார்வையற்றவர்!

4. ஊருக்குள் இரண்டு கலங்கரை விளக்கங்கள், இரண்டும் 1840-ல் ஒளியேற்றியவை. 13 மீட்டர் உயரமானது கடலோரத்தில். 28 மீட்டர் உயரமான ஃபாரோஸ் வீடுகளுக்கு நடுவே, தெருவில். எதற்கு இரண்டு? ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கட்டைவிரலை முகத்தருகேயும் மற்றதைக் கை நீட்டிச் சற்று உயரத்திலும் பிடியுங்கள். தலையை வலப்பக்கம் நகர்த்தினால் கிட்டே உள்ள விரல் இடப்பக்கம் விலகும். அது விலகிய பக்கமே தலையைக் கொண்டுபோனால் இரண்டும் மறுபடி ஒன்றன்மேல் ஒன்றாகும். மாலுமிக்கும் இதே கணக்குதான்: தாழ்ந்த விளக்கு எந்தப் பக்கம் தள்ளித் தெரிகிறதோ, அந்தப் பக்கம் கப்பலைத் திருப்ப வேண்டும். இரண்டும் செங்குத்தாக நின்றால் வழி சரி.

5. அப்புறம் சூடாக மீனும் சிப்ஸும். தொண்டை கட்டியிருந்தால் ஃபிஷர்மன்ஸ் ஃப்ரெண்ட் மிட்டாய். 1865-ல் இந்த ஊர் மீனவர்களுக்காகவே தயாரித்தது. முதல் ஒன்றைப் பாதியாக உடைத்துப் போடுங்கள், காரம் மூக்கில் ஏறும். திரும்ப டிராம் ஏறினால், ஃபாரோஸின் அடியை ஒட்டியே போகும்.