வயிற்று ஒப்பரேசனுக்கு முன் சேர்ஜனிடம் என்ன கேட்பது?

"கத்தி பட்டால் பரவிப்போடும் பிள்ளை, வெட்ட விடாதை." அம்மாவின் பெருங்குடலில் புற்று என்று தெரிந்த அன்றே இணுவில் பெரியம்மா சொன்னது இது. அதற்குப் பயந்து மூன்று கிழமை வீட்டில் இருந்துவிட்டோம். அந்த மூன்று கிழமையை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறும். ஆகவே முதல் வேலை, ஒப்பரேசனைத் தள்ளிப்போடாதீர்கள். சிலருக்கு வயிற்றைத் திறந்த பிறகுதான் நோய் ஏற்கனவே பரவியிருந்தது தெரியவரும். சனம் அந்தப் பழியைக் கத்தியின் மேல் போட்டுவிடும்.

ஆனால் அந்தப் பயத்தில் கொஞ்சம் உண்மையும் உண்டு. கட்டி உடைந்தால் புற்றுக் கலங்கள் வயிற்றுக்குள் சிந்தலாம். அதனால்தான் கட்டியைச் சுற்றியுள்ள கொழுப்போடும் நிணநீர்க் கணுக்களோடும் (புற்று பரவினால் பெரும்பாலும் முதலில் போய்த் தங்கும் சின்ன முடிச்சுகள்) ஒரே துண்டாக எடுக்கப் பார்ப்பார்கள். கேள்விகளைக் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். டொக்டருக்கு முன்னால் இருந்தால் எல்லாம் மறந்துவிடும்.

திறந்து செய்வதா, துளை போட்டுக் கமராவால் செய்வதா என்று முதலில் கேளுங்கள். 1990களின் தொடக்கத்தில் சிலருக்குத் துளை போட்ட இடத்திலேயே புற்று முளைத்ததைக் கண்டு சேர்ஜன்மாரே பயந்தார்கள். பிறகு 872 பேரை வைத்துச் செய்து 2004இல் வெளியான ஆய்வில், பெருங்குடல் புற்று இரண்டு முறையிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் திரும்பி வந்தது. கருப்பைக் கழுத்துப் புற்றுக்கு அப்படியில்லை. 2018இல் வந்த ஆய்வில், வயிற்றைத் திறந்து செய்துகொண்டவர்களே கூடுதலாக நோயின்றி இருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்குச் செய்த முறையே உங்களுக்கும் சரிவரும் என்றில்லை.

அடுத்தது, கட்டியை எப்படி வெளியே எடுப்பார்கள்? இதைக் கேட்டதும் எங்கள் சேர்ஜன் மேசையில் கிடந்த கையுறையை எடுத்து, விரல் பக்கத்தை வெட்டிவிட்டு, மணிக்கட்டு வாயை விரித்துப் பிடித்தார். அதற்குள்ளால் பேனையை இழுத்துக் காட்டினார். "வெட்டின இடத்துக்கு இப்பிடி ஒரு உறை போடுவம் தங்கச்சி. கட்டி இதுக்குள்ளாலதான் வரும், தோலிலை முட்டாது." அம்மாவின் முகம் தெளிந்ததே அப்போதுதான். சூலகக் கட்டி என்றால், வயிற்றுக்குள் உடையாமல் பைக்குள் போட்டு எடுக்க முடியுமா என்று கேளுங்கள். கருப்பையில் சாதாரணக் கட்டிதான் என்றாலும், மெசினால் உள்ளே துண்டு துண்டாக அரைத்து எடுப்பார்களா என்று கேட்கத்தான் வேண்டும். அதற்குள் புற்று ஒளிந்திருந்தால் பரவலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014இல் எச்சரித்தது.

அப்புறம், எடுத்த கட்டியைச் சோதித்த ரிப்போர்ட். காயம் ஆறி வீட்டுக்கு வந்த சந்தோசத்தில் இதைக் கைவிடுகிறவர்கள் பலர். பித்தப்பைக் கல்லுக்காகச் செய்தாலும் எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். அம்மாவின் ரிப்போர்ட் ஏதோ ஒரு பைலுக்குள் கிடந்தது. நான் இரண்டு தரம் போய்க் கேட்ட பிறகுதான் கைக்கு வந்தது. அதில் வெட்டிய ஓரத்தில் புற்று இல்லை என்று இருக்கிறதா, எத்தனை கணுக்கள் பார்த்தார்கள் என்று கேட்டு அறியுங்கள். பெருங்குடலுக்குக் குறைந்தது 12 பார்க்கவேண்டும். குறைந்திருந்தால் காரணம் கேளுங்கள். அம்மாவுக்கு 16 பார்த்தார்கள், இரண்டில் புற்று இருந்தது. அந்த இரண்டுக்காகத்தான் தெல்லிப்பழை புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கீமோ தொடங்கினார்கள்.