கல்யாணம் சரிவந்த உடனே ருபெல்லா ஊசியைப் பாருங்க

குழந்தைக்கு யோசிக்க முதலே அம்மாட்ட இருக்கிற உங்கட சின்ன வயசு கிளினிக் கார்ட்டை எடுத்து, ருபெல்லா (ஜெர்மன் தட்டம்மை), இல்லாட்டி அதுக்கான மருந்தும் சேர்ந்த எம்.ஆர், எம்.எம்.ஆர் ஊசின்னு எழுதி திகதி போட்டிருக்கான்னு பாருங்க, கார்ட் தொலைஞ்சிட்டா காசு குடுத்து பிளட் டெஸ்ட் செய்யத் தேவையில்ல, ஏரியா எம்.ஓ.எச். (அரசாங்க சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்ல கேட்டா ஃப்ரீயாவே போடுவாங்க, ஏற்கனவே போட்டிருந்தாலும் இன்னொருக்கா போடுறதால பிழையில்ல.

பெரியவங்களுக்கு ருபெல்லா லேசான காய்ச்சலும் சிவப்புத் தடிப்புமா வந்து போயிரும், சிலருக்கு ஒன்னுமே தெரியாது, ஆனா கர்ப்பத்துல முதல் 3 மாசத்துக்குள்ள வந்தா வயித்துப் பிள்ளையோட கண், காது, இதயத்தையே பாதிக்கலாம், அப்ப அதுக்கு மருந்தும் இல்ல.

ஏற்கனவே கர்ப்பம்னா இந்த ஊசி போடவே கூடாது, பிள்ளை பிறந்த பிறகுதான். போட்டவங்க குறைஞ்சது 1 மாசமாவது கர்ப்பத்தைத் தள்ளிப் போடுங்க. எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க டொக்டர்ட்ட கேக்காம போட வேணாம்.