தேசியக் கொள்கையை லோக்கல் பிளானில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் வீடு கட்ட அனுமதி கேட்டு மனு போட்டால், கவுன்சில் (உள்ளாட்சி அமைப்பு) முதலில் புரட்டுவது தன்னுடைய லோக்கல் பிளானைத்தான், அதாவது எங்கே, எதை, எப்படிக் கட்டலாம் என்று அது வகுத்து வைத்த திட்டத்தை. 2004-ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின் 38(6) பிரிவு அப்படி: வேறு முக்கியக் காரணங்கள் குறுக்கே வராதவரை முடிவு அந்தத் திட்டப்படியே இருக்க வேண்டும். அரசு வெளியிடும் என்.பி.பி.எஃப். என்ற தேசியக் கொள்கை ஆவணம் சட்டமல்ல, வழிகாட்டல். ஆனால் லோக்கல் பிளானைப் பரிசோதிக்கும் இன்ஸ்பெக்டர் (அரசு நியமிக்கும் திட்டமிடல் அதிகாரி), அது தேசியக் கொள்கையோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். அதனால் கவுன்சில்கள் தேசிய வாசகத்தை எடுத்துத் தங்கள் ஊருக்கேற்ப எழுதுகின்றன. சறுக்குவது அந்த இடத்தில்தான்.

அப்படியே நகலெடுப்பது முதல் தவறு. தேவையில்லாமல் திரும்பச் சொல்லாதே என்று என்.பி.பி.எஃப்.-இன் 16-ஆம் பத்தியே சொல்கிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நிலைத்த வளர்ச்சிக்கு உதவும் கட்டுமானத்துக்குச் சாதகமாகவே முடிவு சாய வேண்டும் என்பது தேசியக் கொள்கையின் ஓர் அனுமானம். 2012-இல் அதைப் பற்றி, இன்ஸ்பெக்டர்களை அனுப்பும் திட்டமிடல் அமைப்பே ஒரு மாதிரி வாசகம் கொடுத்தது. நாடு முழுக்க கவுன்சில்கள் அதை ஒட்டிக்கொண்டன. பிற்காலத்தில் அதே வாசகத்தை ‘இது வெறும் நகல்’ என்று இன்ஸ்பெக்டர்கள் நீக்கச் சொன்னார்கள்.

அதைவிட ஆபத்து, ஒரு சொல்லை விட்டுவிடுவது. சாலையைக் காரணம் காட்டி ஒரு கட்டுமானத்தை மறுக்க இரண்டே வழிதான் என்கிறது தேசியக் கொள்கை: சாலைப் பாதுகாப்புக்கு ஏற்க முடியாத பாதிப்பு இருக்க வேண்டும், அல்லது போக்குவரத்தின் மீதான மொத்த விளைவு ‘கடுமையாக’ இருக்க வேண்டும். உள்ளூர் வரைவில் அந்தக் ‘கடுமையாக’ உதிர்ந்து, ‘போக்குவரத்துக்குப் பாதகம் இருக்கக் கூடாது’ என்று நின்றுவிடும். எழுதிய அதிகாரிக்கு அது சுருக்கம். பில்டரின் வக்கீலுக்கு அது வேறு விதி. எந்தக் கட்டடம் வந்தாலும் தெருவில் நாலு கார் கூடத்தான் செய்யும். அப்படிப் பார்த்தால் எதையும் மறுத்துவிடலாம். பரிசோதனையில் தப்பித் திட்டத்தில் ஏறினாலும், அனுமதி மறுக்கப்பட்டவர் போடும் மேல்முறையீட்டில் தேசியக் கொள்கைக்கு முரண் என்று அந்த வரியின் எடை குறைந்துவிடும்.

‘அல்லது’ என்பதை ‘மற்றும்’ ஆக்குவதும் இந்த ரகம்தான். பழைய அழகுக்காகப் பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் இயல்பைப் பேணுவது அல்லது மேம்படுத்துவது என்பது 1990-ஆம் ஆண்டுப் பாரம்பரியக் கட்டடச் சட்டத்தின் வாசகம். கெடுக்காமல் இருந்தாலே பேணியதாகும் என்று 1992-இல் சவுத் லேக்லேண்ட் வழக்கில் அப்போதைய உச்ச மன்றமான பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. கவுன்சில் ‘பேணி மேம்படுத்த வேண்டும்’ என்று எழுதினால், ஜன்னலை மாற்றுகிறவரும் தெருவை அழகாக்கியதாக நிரூபிக்க வேண்டியிருக்கும்.

லோக்கல் பிளானில் என்.பி.பி.எஃப்.-இன் பத்தி எண்ணைக் குறிப்பிடாதீர்கள். பாரம்பரியக் கட்டடங்களுக்கு ஏற்படும் ‘கணிசமானதல்லாத’ கேட்டைப் பொதுநன்மையோடு எடைபோடச் சொல்லும் பத்தி 2012-இல் 134. அடுத்தடுத்த பதிப்புகளில் 196, 202, 208 என்று நகர்ந்து, 2024 டிசம்பரில் 215 ஆனது. பட்டியல்களும் அப்படித்தான். பசுமை வளையம் என்பது நகரைச் சுற்றிக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் நிலம். அதன் விதிவிலக்குகளை 2012 பதிப்பிலிருந்து எழுதி வைத்த திட்டத்துக்கு, அந்த வளையத்துக்குள்ளேயே அதன் நோக்கங்களுக்குப் பெரிதாக உதவாத நிலத்தைக் குறிக்க 2024-இல் வந்த ‘சாம்பல் வளையம்’ என்றால் என்னவென்றே தெரியாது.

‘இயன்றவரை’, ‘ஊக்குவிக்கப்படும்’ போன்றவற்றைப் பற்றி ஒரே வரி: மனுவுக்கு ஆமா, இல்லையா என்று அவை சொல்லாது. பிறகு கவுன்சில் தன் விருப்பப்படி பொருள் சொல்லிக்கொள்ளவும் முடியாது. 2012-இல் டெஸ்கோ–டண்டீ வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை மூடிவிட்டது.

இத்தனையும் கேட்டு, தேசிய வாசகத்திலிருந்து விலகவே கூடாது என்று பயப்படுவதும் தவறு. 10 வீடு வரையிலான சிறு திட்டங்களிடம் மலிவு விலை வீட்டுக்கான பங்களிப்பு கேட்கக் கூடாது என்று 2014-இல் அமைச்சர் அறிவித்தார். 2016-இல் வெஸ்ட் பெர்க்‌ஷயர் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கொள்கை செல்லும் என்றது. உள்ளூர் நிலைமை அதைவிடக் கனமாக இருந்தால் கவுன்சில் விலகலாம் என்பதையும் ஏற்றது. வீட்டு விலை எகிறிய எல்ம்பிரிட்ஜ் கவுன்சில் தன் தேவைக் கணக்கைக் காட்டி, சிறு திட்டங்களிடம் தொடர்ந்து பங்கு கேட்டது. சில மேல்முறையீடுகளில் இன்ஸ்பெக்டர்களும் அதற்கு உடன்பட்டார்கள்.