சிட்னி முதல் வார்னம்பூல் வரை: கடலோரக் கார் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவில் சிட்னியிலிருந்து மெல்பர்ன், அங்கிருந்து மேற்கே வார்னம்பூல் என்பதுதான் இந்தப் பயணம். சிட்னியிலிருந்து மெல்பர்னுக்குக் காரில் போக முக்கியமான வழிகள் இரண்டு. ஹியூம் நெடுஞ்சாலையைப் பிடித்தால் சுமார் 880 கிலோமீட்டர். ஒரே பகலில் போய்விடலாம், வழியில் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. கிழக்குக் கடற்கரையை ஒட்டி இறங்கும் பிரின்சஸ் நெடுஞ்சாலை ஆயிரத்துக்குச் சற்று மேல். "நூற்றைம்பது கிலோமீட்டர்தானே கூடுதல், இரண்டு மணி நேரத்தில் சரிக்கட்டிவிடலாம்" என்று நடுவில் ஒரே ஒரு இரவு மட்டும் தங்குவதாகத் திட்டம் போட்டுக் கிளம்புகிறவர்கள் ஏராளம். மற்றத் தவறுகள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் தொடங்குகின்றன. இந்தப் பயணத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது, அன்றைக்குச் சூரியன் எத்தனை மணிக்கு மறைகிறது என்பதை. தூரமெல்லாம் அதற்கு அப்புறம்.

சென்னையில் வருடம் முழுக்க அஸ்தமன நேரம் ஒரு மணி நேரத்துக்குள்தான் முன்னே பின்னே போகும். அதனால் நமக்கு இது தோன்றுவதே இல்லை. மெல்பர்னில் டிசம்பர் கடைசியில் இரவு எட்டே முக்கால் வரை வெளிச்சம் இருக்கும். ஜூனில் ஐந்து மணி தாண்டியதும் இருட்டு. நம் ஊர்ப் பள்ளி விடுமுறையை ஒட்டி மே மாதம் போகிறவர்களுக்கு அங்கே இலையுதிர் காலத்தின் கடைசி. பகல் ஏறக்குறைய பத்து மணி நேரம்தான். காலை உணவு, குளியல், பெட்டி கட்டுதல் எல்லாம் முடித்துப் பத்தரைக்குக் கிளம்பினால், கையில் மிஞ்சுவது ஆறரை மணி நேரம்.

இருட்டின பிறகு ஓட்டினால் என்ன? ஓட்டலாம், ஆனால் கங்காருக்கள் மேய வருவது அந்த நேரத்தில்தான். அந்தி சாயும் ஒரு மணி நேரமும் விடிகாலையும் மோசமான வேளை. வாம்பட் என்ற விலங்கு இன்னும் ஆபத்து: குட்டையாக, பாறை மாதிரி கனமாக இருக்கும், விளக்கு வெளிச்சத்தில் கடைசி நொடிவரை தெரியாது. எது குறுக்கே வந்தாலும் நேராகவே பிரேக் போட வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் மரத்தில் மோதுவோம், அல்லது எதிரே வரும் லாரியில். வாடகைக் கார் எடுக்கிறவர்கள் ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைத் தேடிப் படிக்க வேண்டும்: இரவில் ஊருக்கு வெளியே விலங்கு மோதினால் காப்பீடு உண்டா, தார் போடாத சாலையில் போகலாமா. சில ஒப்பந்தங்களில் இரண்டுக்குமே இல்லை என்றிருக்கும்.

ஊர்களும் வெளிச்சத்தோடு சேர்ந்து அடங்கிவிடும். சின்ன ஊர்களில் எட்டு மணிக்குச் சமையலறையை மூடிவிடுவார்கள், மோட்டல் வரவேற்பறையில் அதற்கு முன்பே ஆள் இருக்க மாட்டார். தாமதமாகும் என்று போனில் சொன்னால் சாவியை வெளியே வைத்துவிட்டுப் போவார்கள். சொல்லாமல் போனால் கதவைத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

என்னைக் கேட்டால் சிட்னிக்கும் மெல்பர்னுக்கும் நடுவில் குறைந்தது மூன்று இரவு. பேட்மன்ஸ் பே, மெரிம்பூலா, லேக்ஸ் என்ட்ரன்ஸ் என்று தங்கினால் எந்த நாளும் 350 கிலோமீட்டரைத் தாண்டாது. கயாமாவில் பாறைத் துளை வழியாகக் கடல் பீறிடுவதையும் ஜெர்விஸ் பேயின் வெள்ளை மணலையும் ஓடாமல் பார்க்கலாம். எல்லோரும் தப்பாகக் கணிக்கும் பகுதி ஈடனுக்கும் ஆர்போஸ்டுக்கும் இடையில் இருக்கிறது. ஏறக்குறைய 180 கிலோமீட்டர் காடு, நடுவில் சொல்லும்படியான ஊர் கேன் ரிவர் மட்டும்தான். ஈடனிலேயே டேங்கை நிரப்பி, வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் சிக்னல் இருக்காது. கிராமப்புறத்தில் டெல்ஸ்ட்ரா என்ற போன் நிறுவனத்தின் வீச்சுதான் அதிகம். மலிவு சிம்மை வாங்கும்போது அது நினைவில் இருக்கட்டும்.

கோடையில் இதே காடுதான் தீப்பிடிக்கும். 2019 டிசம்பர் 31 அன்று விக்டோரியா மாநிலத்தின் கடலோரச் சிற்றூரான மல்லகூட்டாவைத் தீ சூழ்ந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் கடற்கரைக்கு ஓடினார்கள், சில நாள் கழித்துக் கடற்படைக் கப்பல் வந்து பலரை ஏற்றிக்கொண்டு போனது. அந்தப் பக்கத்து நெடுஞ்சாலை வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. மாற்றுவழி என்பது அங்கே மலையைச் சுற்றிக்கொண்டு பல நூறு கிலோமீட்டர். டிசம்பர் முதல் மார்ச் வரை போகிறவர்கள் விக்டோரியாவின் விக்எமர்ஜென்சி செயலியையும் நியூ சவுத் வேல்ஸின் ஹசார்ட்ஸ் நியர் மீ செயலியையும் தினமும் காலையில் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடியும் வரை அங்கே பள்ளி விடுமுறை வேறு, அறை கிடைப்பதே கஷ்டம். எனக்குப் பிடித்த மாதம் மார்ச்.

மெல்பர்னைத் தாண்டினால் அடுத்தது கிரேட் ஓஷன் ரோடு. டார்க்கியில் தொடங்கி வார்னம்பூலுக்குச் சற்று முன்னால் ஆலன்ஸ்போர்டில் முடியும் 243 கிலோமீட்டர். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் இறந்த தோழர்களின் நினைவாக 1919 முதல் 1932 வரை போட்ட சாலை. இதை மெல்பர்னிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. கடலோரமாகவே போனால், கடலுக்குள் தூண்போல நிற்கும் ட்வெல்வ் அப்போஸ்தல்ஸ் பாறைகளுக்குப் போக மட்டும் நின்று நின்று அரை நாளுக்கு மேல் ஆகும். நடுப்பகலில் பேருந்துக் கூட்டத்தோடு போய் நின்று, படம் எடுத்துக்கொண்டு, அந்தியில் கங்காருக்களுக்கு நடுவே திரும்ப வேண்டும். (பெயரில்தான் பன்னிரண்டு; அத்தனை பாறைகள் அங்கே இருந்ததே இல்லை. 2005 ஜூலையில் ஒன்று சரிந்தும் விட்டது.) பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி போர்ட் கேம்பலில் ஒரு இரவு தங்கினால் மாலை வெயிலிலும் காலை வெயிலிலும் பார்த்துவிடலாம். 1878-இல் கப்பல் உடைந்து இரண்டே பேர் பிழைத்த லாக் ஆர்டு கார்ஜ் பக்கத்திலேயே இருக்கிறது. நேரமில்லாமல் பலர் விட்டுவிட்டுப் போவது அதைத்தான், எனக்கோ பாறைகளைவிட அந்தக் கரைதான் பெரிது. மெல்பர்னுக்குத் திரும்பக் கொலாக் வழியாக உள்நாட்டுச் சாலையைப் பிடித்தால் மூன்று மணி நேரம் போதும்.

திசையும் முக்கியம். அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுவார்கள். சிட்னியிலிருந்து தெற்கே, பிறகு மெல்பர்னிலிருந்து மேற்கே போனால் இரண்டிலும் கடல் உங்கள் இடது கைப்பக்கம். காட்சி முனைகளில் சட்டென்று ஒதுங்கி நிறுத்தலாம். தலைகீழாகப் போனால் ஒவ்வொரு முறையும் எதிர்வண்டிகளைக் கடந்து திரும்ப வேண்டும். வளைவுகளில் மெதுவாகப் போகிறவர்கள், பின்னால் நாலு வண்டி சேர்ந்ததும் ஒதுங்கி வழி விட வேண்டும்.

இடது பக்கம் பழகியதுதானே என்று விதிகளில் அசட்டையாக இருக்க வேண்டாம். ஓட்டும்போது போனைக் கையில் எடுத்தால் அதைப் பிடிக்கவே கேமராக்கள் இருக்கின்றன, அபராதம் வாடகை நிறுவனம் வழியாக உங்களைத் தேடி வரும். சுங்கச் சாவடி என்று நிறுத்திப் பணம் வாங்க யாரும் இல்லை, எல்லாம் மின்னணுதான். குளிர்காலத்தில் 'கொஞ்சம் மலையையும்' என்று திட்டத்தில் சேர்த்தால், ஜூன் 1 முதல் அக்டோபர் 10 வரை கோசியஸ்கோ தேசியப் பூங்காவுக்குள் சாதாரண இருசக்கர இயக்கக் கார்கள், பனியில் வழுக்காமல் டயரில் மாட்டும் சங்கிலி வைத்திருக்க வேண்டும்.

சாப்பாட்டில் சைவக்காரர்களுக்குத் திட்டம் வேண்டும். சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயில் கிட்டத்தட்ட வழியிலேயே இருக்கிறது. அதைத் தாண்டினால் சிப்ஸும் பீட்சாவும்தான் பெரும்பாலும் கதி. அடுப்பு உள்ள கேபினாகப் பார்த்துப் பதிவு செய்து, அரிசியையும் பருப்பையும் சிட்னியில் வாங்கி ஏற்றிக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து எடுத்து வரும் பொடி, ஊறுகாயை விமான நிலையப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள்; கறிவேப்பிலையைக் கொண்டு வரவே வேண்டாம். வார்னம்பூலோடு நிற்காமல் மவுண்ட் கேம்பியர் நீல ஏரியையும் பார்க்கப் போனால் அது தெற்கு ஆஸ்திரேலியா. பழ ஈ பரவாமல் இருக்க, வெளியிலிருந்து பழம் கொண்டுபோகத் தடை. எல்லைக்கு முன்னாலேயே சாப்பிட்டுத் தீர்த்துவிடுங்கள். அங்கே நேரம் விக்டோரியாவைவிட அரை மணி பின்னால் என்பதால், வரும் நேரத்தை விடுதிக்குச் சொல்லும்போது எந்த மாநிலக் கணக்கு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.