நான்கு இசிஜி பட்டை, ஒரே சேனல்: சண்டை வராமல் பங்குபோடுவது எப்படி

தனியாகக் கட்டிப் பார்த்தால் ஒழுங்காக ஓடிய பட்டைதான். நான்கு பேர் கட்டிக்கொண்டு ஒரே அறையில் உட்கார்ந்ததும் இசிஜி கோடு பல்லுடைந்த சீப்பாகிவிட்டது. இரண்டு வாரம் மல்லுக்கட்டிய கதை இது. 802.15.4 (குறைந்த மின்சாரத்தில் ஓடும் குறுந்தூர ரேடியோவுக்கான தரநிலை) ரேடியோவில் பேக்கெட், அதாவது தரவுப் பொட்டலம், அனுப்பி வாங்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: சேனல்

11 முதல் 26 வரை 16 சேனல் உண்டு. வைஃபை 1, 6, 11 ஓடும் இடத்தில் நிம்மதியாகக் கிடைப்பது 15, 20, 25, 26 மட்டும். ஆளுக்கு ஒன்று கொடுத்தால் ஐந்தாவது ஆளுக்கு இல்லை, ஆகவே பங்குதான். பலர் 26 என்பார்கள். என் ஓட்டு 25-க்கு. 26 இருக்கும் 2480 மெகாஹெர்ட்ஸில் புளூடூத் லோ எனர்ஜியின் அறிவிப்புச் சேனலும் உட்கார்ந்திருக்கிறது.

படி 2: கணக்கு

நொடிக்கு 250 மாதிரி, தலா 2 பைட்: 500 பைட். ஐந்தாறு பேக்கெட்டில் முடிந்துவிடும். ஆளுக்கொரு ஹப் (பட்டையின் பேக்கெட்டுகளை வாங்கும் கருவி) சுற்றுக்கு ஒருமுறை அனுப்பும் நேர அறிவிப்புதான் பீக்கன். சுற்றின் நீளத்தை முடிவுசெய்யும் பீக்கன் ஆர்டரை 6 வைத்தால் ஒரு சுற்று 983.04 மில்லிநொடி. சுற்றில் ஒரு ஹப் பேசும் நேரத்தை முடிவுசெய்யும் சூப்பர்ஃபிரேம் ஆர்டர் 3 என்றால் ஒரு பங்கு 122.88. ஆக, சுற்றுக்கு 8 பங்கு. பேக்கெட் ஒன்றுக்கு 4 மில்லிநொடி சொச்சம்தான், தாராளம்.

படி 3: இடம் பிடிப்பது

ஹப் விழித்ததும் இரண்டு சுற்று சும்மா கேட்கட்டும். பீக்கனில் பங்கு எண்ணையும் போட்டுவிடுங்கள். 0, 2, 4, 6-ல் காலியானதை எடுத்துக்கொள்ளட்டும். உடல்வலைக்கென்றே (உடம்பில் கட்டும் கருவிகளின் வலையமைப்பு) 2012-ல் வந்த 802.15.6-லும் இப்படி நேரத்தைப் பின்னிக்கொள்ளும் வழி உண்டு. என் கையில் இருந்ததோ 15.4.

படி 4: நான் விழுந்த இடம்

இருபது நிமிடம் அருமையாக ஓடியது. டீ குடித்துவிட்டு வந்தால் இரண்டாவது பட்டையும் மூன்றாவதும் முட்டிக்கொண்டிருந்தன. ஆண்டெனாவைச் சந்தேகப்பட்டேன், பேட்டரியை மாற்றினேன், சோல்டரைக்கூட விடவில்லை. கடைசியில் ஸ்னிஃபரில் (காற்றில் போகும் பேக்கெட்டுகளை ஒட்டுக்கேட்கும் கருவி) பிடித்த பீக்கன் நேரங்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றிலும் இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியிருந்தது.

குற்றவாளி கிரிஸ்டல், அதாவது ஹப்பின் கடிகாரத்தை ஓட்டும் படிகம். பிழை ±40 பிபிஎம் (பத்து லட்சத்தில் 40 பங்கு) என்றால் ஒன்று முந்தி, இன்னொன்று பிந்தி, நொடிக்கு 80 மைக்ரோநொடி வரை விலகும். நடுவில் காலியாக விட்ட 122.88 மில்லிநொடி 25 நிமிடத்தில் கரைந்துவிடும்.

தீர்வு: ஒவ்வொரு ஹப்பும், தன் காதில் விழுவதிலேயே சிறிய பங்கு எண்ணுள்ள பீக்கனைக் கேட்டு, தன் நேரத்தைத் திருத்த வேண்டும். தன்னைவிடச் சிறிய எண் கேட்கவில்லை என்றால் திருத்தக் கூடாது. எல்லாரும் எல்லாரையும் பார்த்துத் திருத்தினால் சந்தைக்கடைதான். அதையும் செய்து பார்த்துவிட்டேன்.

கூஜா என்ற ரேடியோ வலை சிமுலேட்டரில் நான் ஓட்டியபோது இந்தச் சிக்கல் தலைகாட்டவே இல்லை. அங்கே எல்லாக் கடிகாரமும் ஒரே சீர். ஆகவே நிஜக் கருவியில் சோதியுங்கள்: என்ஆர்எஃப்52840 டாங்கிள் (யுஎஸ்பியில் செருகும் ரேடியோ) ஒன்றை ஸ்னிஃபராக்கி, பேக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் பாருங்கள்.

பின்சேர்க்கை: ஆள் முதுகைத் திருப்பினால் பீக்கன் தொலைகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். உண்மைதான், 2.4 கிகாஹெர்ட்ஸை உடம்பு நன்றாக விழுங்கும். ஒன்றிரண்டு தவறியதும் என் பழைய நிரல் பதறிப்போய் வேறு பங்கு தேடும், அது தப்பு. 30 சுற்று தவறினாலும் விலகல் 2.4 மில்லிநொடிதான். அதுவரை சொந்தக் கடிகாரத்திலேயே ஓடட்டும், அப்புறம் அடுத்த சிறிய எண்ணைப் பிடித்துக்கொள்ளட்டும்.